அறை தரமாட்டேன் என்றவர், சிங்களத்தில் எழுதி வா என்றவர்: சட்டம் யாரைப் பிடிக்கும்?

நீங்கள் எழுதியவை இரண்டு சம்பவங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன உங்கள் தம்பி ஓர் அறைக்கு முற்பணம் வரை பேசி முடித்திருக்கிறார். பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரர், "தமிழ் ஆக்களுக்குக் குடுக்கிறதில்லை, பொலிஸ் பதிவுப் பிரச்சினை வரும்" என்று கையை விரித்துவிட்டார். அடுத்த கிழமை ஓர் அரச அலுவலகத்தில், தமிழில் நிரப்பிய விண்ணப்பத்தைத் திருப்பித் தந்து சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். இலங்கையில் இனவாதத்துக்கு எதிராகச் சட்டம் இருக்கிறதா, அது காப்பாற்றுமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டம் இருப்பது உங்களுக்கும் தெரியும். அதை நம்பி அடி எடுத்து வைத்தால் தாங்குமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அலுவலகச் சம்பவத்தில் தாங்கும், ஒரு மாதத்துக்குள் அடி எடுத்து வைத்தால். அறைச் சம்பவத்தில் பெரும்பாலும் தாங்காது. இரண்டும் ஒரே அவமானம்தான். சட்டம் மட்டும் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது.

எழுத்தில் உள்ளது நல்ல எழுத்துத்தான். 1978 அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை எல்லா ஆட்களும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 12(2) எந்தப் பிரசைக்கும் இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. 12(3) இன்னும் ஒரு படி போய், கடை, உணவகம், ஹோட்டல், பொதுக் களியாட்ட இடம், தன் மதத்தின் வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குள் போக இனத்தையோ சாதியையோ காட்டித் தடை போடக்கூடாது என்கிறது. இதை வாசிப்பவர் கடைக்காரரும் ஹோட்டல்காரரும் இதற்குள் அடங்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். ஆனால் உரிமையைத் தருவது ஒரு உறுப்புரை, அதற்குப் பரிகாரம் தருவது இன்னொன்று. பரிகாரம் 17 ஆம், 126 ஆம் உறுப்புரைகளில் இருக்கிறது. "ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறைச் செயலால்" மீறல் நடந்தால் மட்டுமே நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் போகலாம் என்று அவை வரையறுக்கின்றன. அமைச்சு, திணைக்களம், பொலிஸ், இராணுவம், பிரதேச செயலகம், பிரதேச சபை, அரச பாடசாலை, அரசின் இறுக்கமான கட்டுப்பாட்டில் உள்ள கூட்டுத்தாபனம் இவை உள்ளே. தனியார் கம்பனி, தனியார் வங்கி, வீட்டு உரிமையாளர் வெளியே. 12(3) தனியார் கடையைப் பெயர் சொல்லிச் சொன்னாலும், அந்தக் கடைக்காரரை நேரடியாக உயர் நீதிமன்றத்தில் நிறுத்தும் வழி அதில் இல்லை. கதவு செய்து, திறப்பைச் செய்யாமல் விட்ட வேலை அது.

அறை விடயத்துக்கு இதிலே சிறிய இடுக்கு ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர் சொன்ன "பொலிஸ் பதிவு" வெறும் கற்பனை அல்ல. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76 ஆம் பிரிவு, குடியிருப்போரின் விபரத்தை வீட்டுக்காரரிடம் கேட்கப் பொலிசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அது எந்த இனத்தாருக்கும் பொதுவான பிரிவு. தமிழருக்கு அறை கொடுக்காதே என்று சொல்லும் அதிகாரம் அதில் இல்லை. வீட்டுக்காரர் தன் மனத்துக்குள் இருப்பதைப் பொலிசின் பெயரால் சொன்னால் அது தனியார் பாரபட்சம், அத்தோடு நிற்கும். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உண்மையாகவே அப்படி வாய்மொழியாகச் சொல்லியிருந்தால், அது நிருவாகத்துறைச் செயல். அப்போது 12(1), 12(2) இரண்டும் எழும்பும். ஆகவே தம்பி முதலில் செய்யவேண்டியது, வீட்டுக்காரருக்கு மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, "பொலிஸ் எப்போது, எந்த நிலையத்திலிருந்து அப்படிச் சொன்னார்கள்?" என்று கேட்பது. பதில் வந்தால் படம் பிடித்து வைப்பது மட்டும் போதாது. செய்தி வந்த தொலைபேசியையும் அப்படியே அழிக்காமல் வைத்திருக்கவேண்டும். மூலச் சாதனம் இல்லாத படப்பிரதியை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இலகுவாகச் சந்தேகத்துக்குள்ளாக்குவார்.

அரசு நேரடியாகச் செய்தபோது இந்தக் கதவு எவ்வளவு விரைவாகத் திறக்கும் என்பதற்குச் சான்று 2007 ஜூன் 7. அன்று அதிகாலை கொழும்பின் லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2002 இல் வவுனியா சிதம்பரபுரம் அகதி முகாமில் இருந்தவர்கள் பாஸ் எடுத்துத்தான் நடமாடவேண்டும் என்றிருந்த நடைமுறையையும் அதே நீதிமன்றம் உரிமை மீறல் என்றது. அதிகாரி செய்தது மட்டுமல்ல, செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதும் கணக்கில் வரும். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி 12 ஆம் திகதி வந்த தீர்ப்பு, எச்சரிக்கை கிடைத்தும் அசையாமல் இருந்ததற்காக முன்னாள் ஜனாதிபதியை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. ஒரு கும்பல் கடையை உடைக்கும்போது பொலிஸ் கைகட்டி நின்றால், உடைத்தவர் தனியார் என்பதால் வழக்கு விழுந்துவிடாது. நின்ற பொலிசுக்கு எதிராக அது எழும்பும்.

இனி அலுவலகம். இங்கே சட்டம் தெளிவு. 1987 இன் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இன் 16 ஆம் திருத்தம் 22 ஆம் உறுப்புரையைத் திருத்தி அமைத்தது. அதன்படி சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி அலுவல் பார்க்கவும் பதில் பெறவும் உரித்துடையவர். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழியே தமிழ். ஆகவே கொழும்பு அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தது சட்டப்படி பிழை. 126 ஆம் உறுப்புரை அடிப்படை உரிமையோடு மொழியுரிமையையும் சேர்த்தே சொல்லுவதால், இதற்கும் உயர் நீதிமன்றம் வரை போகலாம். ஒரு விலக்கை மட்டும் கவனியுங்கள். அரச சேவையில் சேர்ந்தவர் குறித்த காலத்துக்குள் ஒரு மொழியில் போதிய அறிவு பெறவேண்டும் என்று கேட்பது பாரபட்சம் ஆகாது என்று 12(2) இலேயே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் மொழிப் பரீட்சையை எதிர்த்து இனப் பாரபட்சம் என்று போடும் மனு பெரும்பாலும் இங்கேதான் இடறி விழும்.

நடைமுறையில் இதைச் செய்யும் முறை இப்படி. அதே விண்ணப்பத்தைத் தமிழிலேயே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முகப்புக் கடிதத்தில், இன்ன திகதி இன்ன நேரம் இன்ன கருமபீடத்தில் தமிழ் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, 22 ஆம் உறுப்புரையின்படி ஏற்றுத் தமிழில் பதில் தரவும் என்று நாலு வரி போதும். தபால் பற்றுச்சீட்டைத் தொலைக்கவேண்டாம். பிரதியை அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பலாம். அது 1991 இன் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, முறைப்பாட்டை விசாரிக்கும் கடமை அதற்கு உண்டு. பெரும்பாலான அலுவலகங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கிவந்துவிடும். வாயால் மறுப்பது இலகு, எழுத்தில் மறுக்க எந்த உத்தியோகத்தரும் விரும்பமாட்டார். பொலிஸ் நிலையத்திலும் இதே உரிமை உண்டு. உங்கள் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையொப்பம் கேட்டால், தமிழில் எழுதும்படி கேளுங்கள். முடியாது என்றால், "இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை" என்று கையொப்பத்துக்கு மேலே தமிழில் எழுதிவிட்டு ஒப்பமிடுங்கள். முறைப்பாட்டுப் பதிவின் இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வரவேண்டாம்.

ஆக அதிகம் பேர் தோற்கும் இடம் காலம். 126(2) மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்கிறது. மீறல் பற்றி அறிந்த நாளிலிருந்து மாதத்தை எண்ணிய தீர்ப்புகளும், தொடர்ந்து நடக்கும் மீறலுக்கு விலக்கு அளித்த தீர்ப்புகளும், தடுப்பில் இருந்தவர்களுக்கு இரக்கம் காட்டிய தீர்ப்புகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி இருக்கவேண்டாம், மன்றம் விரும்பினால்தான் அவை. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இன் 21 ஆம் இலக்கச் சட்டத்தில் 13(1) பிரிவு ஒரு மூச்சு விட இடம் தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. இங்கேயும் ஒரு முள் உண்டு. வெறுமனே முறைப்பாடு கொடுத்தால் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருப்பதைக் காட்டவேண்டும் என்று சில தீர்ப்புகள் இறுக்கிவிட்டன. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தோடு, விசாரணை நடப்பதாகச் சொல்லும் கடிதம் ஒன்றையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற குறுந்தொலைபேசி இலக்கமும் உண்டு. ஆணைக்குழு தருவது சிபாரிசு மட்டும்தான், கட்டளை அல்ல. திணைக்களம் அதைக் கிடப்பில் போட்டால் ஆணைக்குழு ஜனாதிபதிக்கு அறிக்கை அனுப்பும், அவர் அதைப் பாராளுமன்றத்தில் வைக்கவேண்டும். அதற்கு மேல் அதன் கை நீளாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 இன் 12 ஆம் இலக்கம், இந்த வழக்குகளில் மிகப் பெரிய உதவி. நியமனத்திலோ பதவி உயர்விலோ பாரபட்சம் என்றால், புள்ளித் திட்டம், தெரிவானோரின் புள்ளிகள், நேர்முகக் குழுவின் குறிப்பு எல்லாவற்றையும் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். தருவதாக முடிவெடுத்தால் தகவலைக் கொடுக்க மேலும் 14 நாட்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் ஒரு மாதம் அதற்குள் போய்விடும். தகவல் வரட்டும், பிறகு வழக்குப் போடுவோம் என்று காத்திருந்து கதவு அடைபட்டவர்கள் பலர். தகவல் விண்ணப்பமும் ஆணைக்குழு முறைப்பாடும் ஒரே நாளில் போகவேண்டும்.

மனு போட்டால் என்ன நடக்கும்? உயர் நீதிமன்றம் கொழும்பில்தான். வடக்கில் உள்ள மேல் நீதிமன்றங்களுக்கு அடிப்படை உரிமை வழக்கைக் கேட்கும் அதிகாரம் இல்லை. மாகாண சபைக்குரிய விடயங்களில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யும் அல்லது கடமையைச் செய்யவைக்கும் நீதிமன்ற ஆணை) வழங்கும் அதிகாரம் மட்டும் 154P(4) இன் கீழ் உண்டு. மாகாணக் கல்வி, பிரதேச சபை போன்ற விடயங்களில் சில வேளை அதுவே கிட்டிய வழி. உயர் நீதிமன்றத்தில் முதலில் மனுவை விசாரணைக்கு எடுப்பதா என்று பார்ப்பார்கள், பல மனுக்கள் அங்கேயே நிற்கும். இரண்டு மாதத்தில் முடிக்கவேண்டும் என்று 126(5) சொன்னாலும், வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும். பணம் இல்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். எதை நிரூபிக்கவேண்டும் என்பதில்தான் கூடுதலான தவறு நடக்கிறது. "எனக்கு அநியாயம் நடந்தது" என்பது போதாது. என்னைப் போன்ற அதே தகைமை, அதே நிலையில் இருந்த இன்னார் வேறு விதமாக நடத்தப்பட்டார் என்று ஒருவரை ஒப்பிட்டுக் காட்டவேண்டும். இனம்தான் காரணம் என்பதை நிரூபிப்பது அதைவிடக் கடினம், எந்த அதிகாரியும் அதைக் கோப்பில் எழுதமாட்டார். அதனால்தான் சட்டத்தரணிகள் 12(2) ஐக் குறிப்பிட்டாலும், காரணமற்ற சமனற்ற நடத்துகை என்ற 12(1) இன் மேல்தான் பாரத்தைப் போடுவார்கள். வழக்கு வெல்லும், இனவாதம் நடந்தது என்ற சொல் தீர்ப்பில் வராமலே போகும். இது எனக்கு மனம் ஒப்பாத வெற்றி, ஆனாலும் கட்சிக்காரருக்கு அதுவே பாதுகாப்பான வழி.

மேலே சொன்னதெல்லாம் அதிகாரி சட்டத்தை மீறும்போது. சட்டமே பாரபட்சமாக இருந்தால்? அங்கே எங்கள் அரசியலமைப்பு மிகவும் பலவீனம். பாராளுமன்றம் நிறைவேற்றிச் சபாநாயகர் சான்றுப்படுத்திய சட்டத்தை 80(3) இன்படி எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கமுடியாது. மசோதாவாக இருக்கும்போதே, குறுகிய சில நாட்களுக்குள் எதிர்க்கவேண்டும். 16 ஆம் உறுப்புரை, 1978 க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்தை மட்டும் தாழ்த்தும் சட்டம் செல்லாது என்று சொன்னது. அது இருந்த காலத்தில்தான் 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது, 1956 இன் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. சிங்களப் பரீட்சை எழுதாததால் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்கே போடமுடியாது என்று தள்ளியது. 1969 இல் பிரிவி கவுன்சில் (அப்போது இறுதி மேன்முறையீட்டைக் கேட்ட லண்டன் மன்றம்) அதைத் திருத்தி, தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்வியைத் தீர்க்கும்படி திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. 1971 இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது, 1972 அரசியலமைப்பில் 29 ஆம் பிரிவே இல்லை.

இது பழங்கதை என்று நினைக்கவேண்டாம். 2020 இல் கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தே ஆகவேண்டும் என்ற ஒழுங்குவிதியை எதிர்த்து வந்த மனுக்களை, அந்த ஆண்டு டிசம்பர் 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவால், விசாரணைக்கே எடுக்காமல் தள்ளியது. அடக்கம் செய்ய அனுமதி 2021 பெப்ரவரி இறுதியில் அரசின் தீர்மானமாகத்தான் வந்தது. அவ்வளவு காலமும் குடும்பங்களின் விருப்பத்துக்கு மாறாக உடல்கள் எரிந்தன. ஒரு சமூகம் முழுவதும் கதறும்போதும் 12 ஆம் உறுப்புரை வாய் திறக்காமல் இருக்கக்கூடும் என்பதை அதில் பார்த்தோம்.

வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டங்கள் பற்றியும் ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். குடியியல் அரசியல் உரிமை உடன்படிக்கையின் ஆங்கிலச் சுருக்கத்தால் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று அறியப்படும் 2007 இன் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் இன, மத வெறுப்பைப் பரப்பினால் 10 ஆண்டு வரை கடூழியச் சிறை என்கிறது. பிணையை மேல் நீதிமன்றம் மட்டும், விசேட சூழ்நிலையில்தான் தரலாம். சிறுபான்மையைக் காக்க எழுதிய பிரிவு அது. 2019 இல் அதன் கீழ் பிடிபட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர், பிக்குகளைப் பற்றிச் சிறுகதை எழுதிய சக்திக சத்குமார. 2020 ஏப்ரலில், இனவாதத்துக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் போராடுவோம் என்று முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற முஸ்லிம் அரச ஊழியர் ஒருவர் பிடிபட்டார். அவரைக் கைதுசெய்தது உரிமை மீறல் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் இனங்களுக்கிடையே பகைமை ஊட்டுவதற்கு எதிராக 2(1)(h) என்ற வாசகம் இருக்கிறது. அதை வைத்துத்தான் 2009 இல் தமிழ்ப் பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்கு 20 ஆண்டு விதித்தார்கள், 2010 இல் மன்னிப்புக் கிடைத்தது. சட்டத்தின் சொற்களில் பிழை குறைவு. வழக்கை யார் மேல் போடுவது என்ற முடிவு பொலிசிடமும் சட்டமா அதிபரிடமும் இருக்கும்வரை, இந்தக் கத்தி எந்தப் பக்கம் திரும்பும் என்று உறுதி சொல்லமுடியாது.

வெளிநாட்டு உடன்படிக்கைகள் கைகொடுக்குமா என்றால், கொஞ்சம். இனப் பாரபட்சத்தை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கை 1982 இல் சேர்ந்தது. ஆனால் தனியாள் முறைப்பாட்டை அந்தக் குழு ஏற்பதற்கான 14 ஆம் உறுப்புரைப் பிரகடனத்தைச் செய்யவில்லை. குடியியல் அரசியல் உரிமை உடன்படிக்கையின் தனியாள் முறைப்பாட்டு நெறிமுறையில் 1997 இல் சேர்ந்தது. 2006 இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம், அப்படிச் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது.

இப்போது மறுபடி வீட்டுக்காரரிடம் வருவோம். தனியாரின் பாரபட்சத்தை நேரடியாகக் குற்றமாக்கும் சட்டம் இந்த நாட்டில் எழுதமுடியாத ஒன்றல்ல. ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதற்குக் காரணமாக இருந்தவர்கள் பெரும்பாலும் சாதி பார்த்துத் தடுத்த தமிழரான நாங்கள்தான். 1957 இன் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியைக் காட்டிப் பாடசாலையிலோ தேநீர்க்கடையிலோ பொதுக் கிணற்றிலோ கோயிலிலோ ஒருவரைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. கடை முதலாளியையும் கோயில் தர்மகர்த்தாவையும் அது நேராகப் பிடிக்கும், அரசு இடையில் வரத் தேவையில்லை. 1966 இல் தொடங்கிய தேநீர்க்கடைப் போராட்டங்களும் 1968 இல் ஒடுக்கப்பட்ட சாதியினரின் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசமும் இல்லாவிட்டால் அந்தச் சட்டம் ஏட்டிலேயே கிடந்திருக்கும். 1971 இல் தண்டனையைக் கூட்டினார்கள். அந்தச் சட்டத்தில் "சாதி" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "இனம், மதம், மொழி" என்று சேர்த்து, இடங்களின் பட்டியலில் வாடகை வீட்டையும் சேர்த்தால், உங்கள் தம்பியின் அறைக்குச் சட்டம் வந்துவிடும். பிரித்தானியாவின் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வேலை, வீடு, சேவை மூன்றிலும் தனியாரைப் பிடிக்கிறது. முகாந்திரம் காட்டினால் போதும், பாரபட்சம் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் எதிராளிக்கு மாறும். லண்டனில் இருக்கும் உங்கள் உறவினருக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு கொழும்பில் உங்கள் தம்பிக்கு இல்லை. வேலைத்தலத்தில் மட்டும் ஒரு பாதி வழி உண்டு. தனியார் முதலாளி வேலையிலிருந்து நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம். வேலை தரவே மறுத்தால் அங்கேயும் கதவில்லை.

ஆகவே தம்பியின் அறைக்காக வழக்குப் போடச் செலவழிக்கவேண்டாம். வீட்டுக்காரரின் பதிலில் பொலிஸ் நிலையத்தின் பெயர் வந்தால் மட்டும் சட்டத்தரணியைப் பாருங்கள், மேலே சொன்னதெல்லாம் பொது விளக்கம், கடதாசிகளைப் பார்ப்பவர்தான் முடிவு சொல்லமுடியும். அலுவலக விடயம் வேறு. விண்ணப்பம் திருப்பித் தரப்பட்ட திகதியை நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே தம்பியிடம் கேட்டு அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டமிடுங்கள், அடுத்த மாதம் அதே திகதிக்கு ஒரு கிழமை முந்திய நாளையும் வட்டமிடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாடு அந்த இரண்டாவது வட்டத்துக்கு முன்னே போயிருக்கவேண்டும்.